ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப்

சென்ற மாதம் நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டம் முடிந்து, வழக்கம்போல் காபிக்கும் வடைக்கும் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். மயூர் விஹாரிலிருந்து வரும் அன்பர் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பெண் பி.காம். முடித்திருக்கிறாள். சர்வதேச வளர்ச்சி நிறுவனம் ஒன்றின் தில்லி அலுவலகத்தில் 'அட்மினிஸ்ட்ரேடிவ் அசிஸ்டன்ட்' வேலைக்கு ஆர்டர் வந்திருக்கிறதாம்.

"மாமி, நீங்கதான் இருபத்தொன்பது வருஷம் இந்த மாதிரி ஆபீஸ்ல இருந்தவாளாச்சே. இது பர்மனென்ட்டா? அப்படி என்னதான் வேலை? கேட்டா இவளுக்கே சொல்லத் தெரியலை" என்றார்.

நின்றுகொண்டே பதில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை. பின்னால் நின்ற நம் பத்திரிகை ஆசிரியர், "அதை எழுதித்தான் கொடுங்களேன்" என்றார். அவரைப் பற்றி உங்களுக்குத் தெரியும், விடமாட்டார். எழுதிவிட்டேன்.

முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில் உண்டு. பர்மனென்ட் இல்லை. நான் 1989-இல் சேர்ந்து 2018-இல் ஓய்வு பெற்றேன். இத்தனை வருடமும் பெரும்பாலும் ஓராண்டு ஒப்பந்தம்தான். ஒவ்வொரு டிசம்பரிலும் கடிதம் வரும் வரை ஜனவரிக்குச் சம்பளம் உண்டா என்று தெரியாது. பென்ஷன் கிடையாது, கடைசியில் மொத்தமாக ஒரு தொகை தருவார்கள். என் கணவர் மத்திய அரசு ஊழியர், ஆர்.கே. புரத்தில் குவார்ட்டர்ஸ் இருந்தது, ஆகவே தாக்குப்பிடித்தோம். தனி ஒருத்தியாக இந்தச் சம்பளத்தை நம்பிக் குடும்பம் நடத்திய தோழிகளின் டிசம்பர்களையும் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை.

கும்பகோணத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் இங்கிலீஷ் டைப்பும் ஷார்ட்ஹேண்டும் ஹையர் பாஸ் செய்தவள் நான். டைப்பில் நிமிஷத்துக்கு 45 வார்த்தை, ஷார்ட்ஹேண்டில் 120. நம் தலைமுறைக்கு அதுதான் தில்லிக்கு டிக்கெட். 1983-இல் கல்யாணமாகி, தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு டிரங்குப் பெட்டிகளுடன் வந்து இறங்கினேன். கன்னாட் பிளேஸில் ஒரு தனியார் கம்பெனியில் ஆறு வருடம். பிறகு பேப்பரில் விளம்பரம் பார்த்து இந்த வேலைக்கு மனுப் போட்டேன்.

லோதி எஸ்டேட் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், அந்த மரநிழல் சாலைகளில் சர்வதேச அலுவலகங்கள் அடுத்தடுத்து இருக்கும். ஃபோர்டு ஃபவுண்டேஷன் 1952-லேயே தில்லிக்கு வந்துவிட்டது, யுனிசெஃப் அதற்கும் முன்னால். என் அலுவலகம் அவ்வளவு பெரியதல்ல. எங்கேயோ ஒரு நாட்டு மக்கள் கொடுக்கும் பணத்தை இங்கே கிராமங்களில் கிணறு, பள்ளிக்கூடம், பெண்கள் சங்கம் என்று செலவிடும் தொண்டு நிறுவனங்களுக்கு அனுப்பிக் கணக்குக் கேட்பது அதன் வேலை. பெயர் வேண்டாம். நான் சொல்லப்போவதில் நல்லதும் உண்டு, பொல்லாததும் உண்டு.

அங்கே பேசும் பாஷை பழகவே ஒரு வருடம் ஆயிற்று. வெளிநாட்டிலிருந்து நாலு நிபுணர்கள் பத்து நாள் வந்து பார்த்துவிட்டுப் போனால் அதற்கு 'மிஷன்' என்று பெயர். "அடுத்த வாரம் மிஷன் வருது, லேட்டாகும்" என்று நான் வீட்டில் சொன்னது காற்றுவாக்கில் எதிர் வீட்டுக்குப் போய், "என்னடி, மிஷன்ல சேர்ந்துட்டியாமே! ஊர்ல மாமனாருக்குத் தெரியுமா?" என்று அந்த வீட்டு மாமி கவலையோடு விசாரித்தார். 'லாக் ஃப்ரேம்' என்று இன்னொன்று. நாலுக்கு நாலு கட்டம் போட்ட அட்டவணை. திட்டத்தின் லட்சியம், நோக்கம், விளைவு, செயல் எல்லாவற்றையும் அதில் அடைத்துவிட வேண்டும். கடைசிப் பத்தியின் தலைப்பு 'அனுமானங்கள்', அதாவது நம் கையில் இல்லாதவை. "இயற்கைச் சீற்றம் எதுவும் நேராது" என்ற வரியை அந்தப் பத்தியில் நான் ஐம்பது தடவையாவது டைப் அடித்திருப்பேன்.

அன்றாட வேலை என்னவென்றால், மிஷனுக்கு விமான டிக்கெட், ஹோட்டல், கார். டிரைவர்களின் லாக் புக் சரிபார்ப்பது. அருணாசலப் பிரதேசம் போகும் வெளிநாட்டவருக்குப் பர்மிட். கூட்டத்துக்கு மினிட்ஸ். டெலெக்ஸ், பிறகு ஃபாக்ஸ், பிறகு வோர்ட்ஸ்டார் என்று ஒவ்வொன்றாகப் பழகிக்கொள்வது. 1991 ஜூலை முதல் வாரத்தில் ரூபாயின் மதிப்பை இரண்டு தவணையாக அரசு குறைத்தபோது, எங்கள் பணம் வெளிநாட்டு நாணயத்தில் வந்ததால், எல்லாத் திட்டங்களின் பட்ஜெட்டையும் உட்கார்ந்து திரும்ப அடித்தோம். இதெல்லாம் யார் செய்தாலும் ஓடிவிடும்.

ஓடாதது வவுச்சர். தொண்டு நிறுவனத்துக்கு மொத்தப் பணத்தையும் ஒரே முறையில் கொடுக்க மாட்டோம். முதல் தவணை போகும். அதைச் செலவழித்து வவுச்சர்களை அனுப்ப வேண்டும், சரியாக இருந்தால் அடுத்த தவணை. அந்த வவுச்சர் கட்டுகளை முதலில் பிரித்துப் பார்ப்பது நான். வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி (அப்போது 1976-ஆம் வருடச் சட்டம்) உள்துறை அமைச்சகத்தில் பதிவு இருக்கிறதா, தனி வங்கிக் கணக்கா, பில்லில் தேதி உண்டா, அடித்துத் திருத்தல் உண்டா என்று பார்த்து, பென்சிலால் டிக் போட்டு மேலே அனுப்புவேன். என் டிக் இல்லாமல் கணக்கு அதிகாரி தொடமாட்டார்.

இதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. ஒரு நிறுவனம் மூன்று வெவ்வேறு ஊர்க் கடைகளில் சாமான் வாங்கியதாகப் பில் அனுப்பியது. மூன்று பில்களின் எண்களும் அடுத்தடுத்து இருந்தன. ஒரே பில் புக்! கண்டுபிடித்தது நான். அந்த வருடம் என் ஒப்பந்தக் கடிதம் நவம்பரிலேயே வந்துவிட்டது.

1999 அக்டோபர் 29-ஆம் தேதி ஒரிஸா கடற்கரையில் பெரும் புயல் அடித்தது. (அப்போது அதுதான் பெயர், 2011-இல்தான் ஒடிஷா ஆயிற்று.) பாராதீப் துறைமுகத்துக்கு அருகே கரையேறி, கடல் நீர் ஊருக்குள் புகுந்தது. அரசாங்கக் கணக்குப்படியே ஏறத்தாழ பத்தாயிரம் பேர் மாண்டார்கள். ஜகத்சிங்பூர் மாவட்டத்து எர்ஸமா வட்டாரத்தில்தான் சாவு அதிகம். எங்கள் அலுவலகம் அங்கே ஒரு சிறு தொண்டு நிறுவனத்துக்கு 110 வீடுகள் கட்டப் பணம் ஒதுக்கியது. சுவர் எழுப்ப முதல் தவணை, கூரைத் தகரம் வாங்க இரண்டாவது தவணை.

2000 பிப்ரவரியில் முதல் தவணையின் வவுச்சர் கட்டு வந்தது. கூலிப் பட்டியலில் 46 பேர். நாளுக்கு 45 ரூபாய், 24 நாள் வேலை, ஆளுக்கு 1,080 ரூபாய். மாதக் கடைசியில் மொத்தமாகக் கொடுத்து, பெயருக்கு எதிரே பெருவிரல் ரேகை வாங்கியிருந்தார்கள். ரேகை இருந்தது. ஸ்டாம்ப் இல்லை. ஐந்நூறு ரூபாய்க்கு மேல் போகும் ரசீதுக்கு ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும் என்பது அன்றைய சட்டம். நாற்பத்தாறு பேருக்கும் ஒட்டவில்லை.

எனக்கு ஒரு நிமிஷம்கூட யோசனை ஓடவில்லை. 'ரெவின்யூ ஸ்டாம்ப் இல்லை. சரிசெய்து மறுபடி அனுப்பவும்' என்று சீட்டு வைத்து, கட்டை அப்படியே ரிஜிஸ்டர் தபாலில் திருப்பிவிட்டேன். அன்று மத்தியானம் போன மிஷனுக்கான ஹோட்டல் பில்களையும் பார்த்தேன். ஓர் இரவு வாடகை ஏழாயிரத்துச் சொச்சம். கம்ப்யூட்டரில் அச்சடித்த பில், எல்லாம் ஒழுங்கு. டிக் போட்டு அனுப்பினேன்.

ஏப்ரல் மூன்றாம் வாரம் அந்த நிறுவனத்தின் செயலாளர் நேரே வந்து நின்றார். தபாலை நம்பவில்லை. கட்டாக்கிலிருந்து புருஷோத்தம் எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பர் கிளாஸ், கையில் பாலிதீன் சுற்றிய கட்டு. நாற்பது வயதிருக்கும், ஒல்லி. ஹிந்தியில்தான் பேசினோம்.

"தீதி, எங்க ஊர்த் தபாலாபீசே தண்ணில போயிடுச்சு. ஸ்டாம்புக்குக் கட்டாக் வரைக்கும் போகவேண்டி இருந்தது" என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்கிற குரல்.

கட்டைப் பிரித்தேன். நாற்பத்து மூன்று ஸ்டாம்புகள், ஒவ்வொன்றின் மேலும் புதிதாகப் பெருவிரல் ரேகை. வீடு வீடாகப் போய் வாங்கியிருக்கிறார். மீதி மூன்று பேர் கல்கத்தாவுக்குக் கூலி வேலைக்குப் போய்விட்டார்களாம், விலாசம் தெரியவில்லை. அந்த மூவரின் கூலி 3,240 ரூபாயை 'ஏற்கப்படாத செலவு' என்று தனியாக எழுதினேன். அவர் தலையாட்டினார். காபி வாங்கிக் கொடுத்தேன். சாயங்காலமே ரயிலேறிவிட்டார்.

கணக்கு அதிகாரி, இயக்குநர், வங்கி என்று எல்லாம் தாண்டி இரண்டாவது தவணை அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தபோது மே மாதம் பாதி கழிந்திருந்தது.

அந்த ஆகஸ்டில் புவனேசுவரத்தில் தொண்டு நிறுவனங்களுக்கு இரண்டு நாள் கணக்குப் பயிற்சி. ஹால், சாப்பாடு, வருகைப் பதிவேடு எல்லாம் பார்த்துக்கொள்ள என்னை அனுப்பினார்கள். பதினோரு வருட சர்வீஸில் தில்லியைத் தாண்டி அலுவலக வேலையாகப் போனது அதுதான் முதல் தடவை. 'ஃபீல்டு' என்ற வார்த்தையை ஆயிரம் முறை டைப் அடித்திருந்தாலும் பார்த்ததில்லை. பயிற்சி முடிந்த மறுநாள் அந்தச் செயலாளர், "இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, ஊரையும் பார்த்துட்டுப் போங்க தீதி" என்று ஜீப்பில் அழைத்துப் போனார்.

கட்டாக் தாண்டி, ஜகத்சிங்பூர் தாண்டி, எர்ஸமா. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண்ணான எனக்கு வயலைப் பார்த்தால் தெரியும். உப்புநீர் நின்ற வயலில் நாற்று திட்டுத்திட்டாகத்தான் பிடித்திருந்தது. தலை முறிந்த தென்னைகள் வரிசையாக நின்றன. மழை விடாமல் தூறிக்கொண்டிருந்தது. புது வீடுகளில் பாதிக்கு மேல் தகரக் கூரை பளபளத்தது. மற்றவற்றில் சுவர் மட்டும் நின்றது, மேலே நீலப் பாலிதீன்.

"எத்தனை வீடு பாக்கி?" என்று கேட்டேன்.

"நாற்பத்திரண்டு. மழைக்கு முன்னால அறுபத்தெட்டுதான் முடிஞ்சது. ஜூன்ல தண்ணி ஏறினதும் லாரி உள்ளே வரலை."

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். பிப்ரவரியிலிருந்து மே. கணக்குப் போடத்தானே எனக்குச் சம்பளம்.

பாலிதீன் போட்ட வீடு ஒன்றிலிருந்து ஒரு கிழவி வெளியே வந்து எங்களை உள்ளே கூப்பிட்டாள். தரை சொதசொதவென்று இருந்தது. ஒரு மூலையில் மட்டும் பலகை போட்டு அடுப்பும் அரிசியும் வைத்திருந்தாள். பித்தளைத் தட்டில் பொரியும் வெல்லமும் வைத்துக் கொடுத்தாள். செயலாளர் அவள் பெயரைச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூலிப் பட்டியலில் பதினேழாம் எண். இரண்டு முறை ரேகை வைத்தவள். தன் வீட்டுச் சுவருக்குத் தானே மண் சுமந்து, அந்தக் கூலிக்குத்தான் ரேகை வைத்திருக்கிறாள். தில்லியிலிருந்து வந்த தீதி யார் என்று அவளுக்குத் தெரியாது. தெரிய வைக்க எனக்குத் தைரியமும் வரவில்லை. பொரியைத் தின்றேன்.

திரும்பும் வழியில் செயலாளர் ஜகத்சிங்பூரில் இறங்கிக்கொண்டார். ஜீப் ஓட்டிய பையன்தான் பேச்சுவாக்கில் சொன்னான். அந்த 3,240 ரூபாயைச் செயலாளர் தம் சம்பளத்திலிருந்து மூன்று மாதமாகப் பிடித்துக் கட்டிவிட்டாராம்.

ஒன்று சொல்லியாக வேண்டும். சட்டம் தப்பு, தணிக்கை தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே பில் புக் ஆசாமிகளையும் பார்த்தவள் நான். ஆனால் அந்தக் கட்டைத் திருப்பி அனுப்புவதற்கு முன் ஒரு டிரங்க் கால் போட்டு, "ஏன் ஸ்டாம்ப் இல்லை?" என்று கேட்டிருக்கலாம். கணக்கு அதிகாரியிடம், "கூரைப் பணத்தை விடுவித்துவிட்டு ஸ்டாம்பைப் பிறகு வாங்கிக்கொள்ளலாமா?" என்று கேட்டிருக்கலாம். அவர் மறுத்திருக்கக்கூடும். நான் கேட்கவே இல்லை. கேட்பது என் வேலையில்லை என்று நினைத்திருந்தேன்.

தில்லி திரும்பி ஒரு குறிப்பு எழுதினேன். பிறர் சொல்ல எழுதுவதிலேயே பழகிய கைக்கு, என் அபிப்பிராயமாக ஒரு பக்கம் எழுத மூன்று மாலைகள் பிடித்தன. விஷயம் சின்னது. கூலியை மாதத்துக்கு ஒரு தரம் கொடுக்காமல் வாராவாரம் கொடுக்கச் சொல்லலாம். ஆறு நாளைக்கு 270 ரூபாய். ஐந்நூறுக்குக் கீழே என்பதால் ஸ்டாம்பே தேவையில்லை, கூலிக்காரருக்கும் சனிக்கிழமை சந்தைக்குக் கையில் காசு இருக்கும். அத்துடன், குறை உள்ள வவுச்சரை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு மீதியைக் கொண்டு அடுத்த தவணையை விடுவிக்கலாம் என்றும் எழுதினேன். இயக்குநர் இரண்டு தரம் படித்துவிட்டு, யார் எழுதியது என்று கேட்டார். நான்தான் என்றதும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். அது எல்லா நிறுவனங்களுக்கும் சுற்றறிக்கையாகப் போயிற்று. 2001 ஜனவரி 26-இல் குஜராத்தில் பூஜ் பூகம்பம் வந்தபோது அங்கே கூலி வாராவாரம்தான் கொடுக்கப்பட்டது.

அந்த 3,240 ரூபாய் மட்டும் திரும்பவில்லை. ஆடிட் முடிந்துவிட்டது என்றார்கள். என் கைக்காசைக் கவரில் போட்டு அனுப்பலாமா என்று பல நாள் யோசித்தேன். அந்த மனிதர் அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்று தெரியாமல் அனுப்பாமலேயே விட்டுவிட்டேன்.

சுனாமியின்போது (2004 டிசம்பர் 26) நாகப்பட்டினத்திலிருந்து தமிழ் வவுச்சர்கள் மூட்டையாக வந்தன. அலுவலகத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நாலு மாதம் எனக்கு ராஜமரியாதை. எனக்கென்னவோ அந்தக் கடைப் பில்களில் நம் ஊர்ப் பெயர்களைப் பார்க்கும்போது தொண்டை அடைத்துக்கொள்ளும். அதே 2004-இல் ஸ்டாம்புக்கான வரம்பும் 5,000 ரூபாயாக உயர்ந்துவிட்டது.

இனி, அன்பரின் கேள்விக்கு வருகிறேன். இந்த அலுவலகங்கள் நிலையானவை அல்ல. 2003-இல் சிறிய நாடுகள் நேரடியாக அரசுக்குத் தரும் உதவி வேண்டாம் என்று இந்திய அரசு முடிவெடுத்தபோது, தெரிந்தவர்கள் சிலர் மேஜையைக் காலி செய்தார்கள். 2020-இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தி, தொண்டு நிறுவனங்களின் நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை போகலாம் என்றிருந்ததை 20 சதவீதமாக்கினார்கள். நிர்வாகச் செலவு என்றால் பெரும்பாலும் நம்மைப் போன்றவர்களின் சம்பளம்தான். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்து, 1961 முதல் இருந்த யு.எஸ்.எய்டு அந்த ஜூலையோடு முடிந்தே போயிற்று. அத்தனை பெரிய ஆலமரமே சாய்ந்ததென்றால் மற்றதைப் பற்றிச் சொல்ல வேண்டாம். ஆகவே மாப்பிள்ளை வீட்டாரிடம் "பர்மனென்ட்" என்று சொல்லிவிடாதீர்கள். பெண்ணைப் போகவேண்டாம் என்றும் தடுக்காதீர்கள்.

அந்தப் பெண் தனியாக என்னிடம் வந்து, "ஆன்ட்டி, இப்போ எல்லாம் கம்ப்யூட்டர்லதான். வவுச்சரையே ஸ்கேன் பண்ணி அனுப்பிடுவாங்களாம்" என்றாள். இருக்கட்டும் அம்மா, ஸ்கேனிலும் ரேகை தெரியும் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. இதைப் படித்தால் புரியும்.

ஒரிஸாவிலிருந்து திரும்பிய வாரம் லோதி ரோடு தபாலாபீஸில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்புகள் ஒரு தாள் வாங்கி மேஜை டிராயரில் போட்டுவைத்தேன், கட்டைத் தூக்கிக்கொண்டு யாராவது தொலைவிலிருந்து வந்தால் ஒட்டிக் கொடுக்கலாமே என்று. வந்தவர்களுக்கு ஒட்டியும் கொடுத்தேன். 2018-இல் ஓய்வு பெற்ற அன்று டிராயரைக் காலி செய்தபோது பதினோரு ஸ்டாம்புகள் மிச்சம் இருந்தன. அடுத்து வருகிற பெண்ணுக்கு இருக்கட்டும் என்று அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.